மேஃபீல்டும் லெவிட்டவுனும்: தொலைக்காட்சி கட்டிய புறநகர்

அமெரிக்காவில் ஒருநாளும் கால் பதிக்காதவருக்கும் அமெரிக்கப் புறநகர் வீடு நன்கு அறிமுகமானது. சீராக வெட்டப்பட்ட புல்வெளி, அதன் நடுவே வாசலுக்குச் செல்லும் சிறு நடைபாதை, உள்ளே நுழைந்ததும் ஓர் அகன்ற கூடம், கூடத்திலிருந்து மேலேறும் மாடிப்படி, அதில் தடதடவென இறங்கி வரும் பிள்ளைகள், சமையலறையில் கசங்காத உடையில் ஒரு தாய். மாலையில் கைப்பெட்டியுடன் தந்தை வீடு திரும்புவார். ஏதேனும் ஒரு சிறு சிக்கல் அவருக்காகக் காத்திருக்கும். அரைமணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். இச்சித்திரத்தை நம் மனத்தில் வரைந்தது தொலைக்காட்சி. ஆனால் காலப்போக்கில் இது 1950களின் அமெரிக்க வரலாறாகவே எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. "அந்த நல்ல காலம்" என்று அந்நாட்டு அரசியல்வாதிகள் ஏக்கத்துடன் பேசும்போது அவர்கள் நினைவில் எழுவது பெரும்பாலும் ஒரு படப்பிடிப்புத் தளம்தான்.

தொலைக்காட்சி வாழ்க்கையை மிகைப்படுத்திக் காட்டும் என்பது யாவரும் அறிந்த செய்தி. அதைச் சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. நாம் இங்கே காண விழைவது வேறு. அமெரிக்கப் புறநகரும் தொலைக்காட்சியும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் பிறந்து, ஒரே வேகத்தில் வளர்ந்தவை. ஒன்று மற்றொன்றை விற்றது. அந்த விற்பனையில் எவையெல்லாம் சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்டன என்று பார்த்தால், அவை தற்செயலாக விடுபட்டவையாகத் தோன்றவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் வீடு திரும்பியபோது அவர்களுக்குக் குடியிருக்க இடமில்லை. பெற்றோர் வீட்டின் ஓர் அறையிலும், தகரக் கொட்டகைகளிலும் இளம் தம்பதிகள் காலம் தள்ளினர். இந்நிலையில்தான் லெவிட் அண்ட் சன்ஸ் என்ற கட்டுமான நிறுவனம் நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கியது. தந்தை ஆப்ரஹாம் லெவிட், நிர்வாகத்தைக் கவனித்த மூத்த மகன் வில்லியம், வீட்டு வரைபடங்களைத் தீட்டிய இளைய மகன் ஆல்ஃப்ரெட் என்று ஒரு குடும்பத் தொழில் அது. 1947இல் தொடங்கிய பணி 1951இல் நிறைவுற்றபோது அவ்வயல்களில் 17,447 வீடுகள் எழும்பியிருந்தன. மோட்டார் தொழிற்சாலையில் வண்டிகள் நகர்ந்து வர, தொழிலாளர் நின்ற இடத்தில் நின்று வேலை செய்வர். இங்கே வீடுகள் நின்றன, தொழிலாளர் நகர்ந்தனர். வீடு கட்டும் வேலையை 27 படிகளாகப் பிரித்து, ஒரு குழு ஒரே ஒரு படியை மட்டும் செய்துகொண்டு வீடு வீடாகச் சென்றது. வெள்ளை வண்ணம் அடிப்பவர் ஒருவர், சிவப்பு அடிப்பவர் வேறொருவர். ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்த காலமும் உண்டு.

முதலில் மாதம் 60 டாலர் வாடகைக்கு விடப்பட்ட இவ்வீடுகள் பின்னர் விற்பனைக்கு வந்தன. 1949ஆம் ஆண்டு மாதிரி வீட்டின் விலை 7,990 டாலர். முன்பணமே இல்லாமல், அல்லது மிகச் சொற்பத் தொகையுடன், அரசின் உத்தரவாதம் பெற்ற நீண்டகாலக் கடனில் முன்னாள் படைவீரர் ஒருவர் வீட்டுச் சொந்தக்காரராகிவிடலாம். அவ்வாண்டு மார்ச்சில் விற்பனை தொடங்கியபோது மக்கள் நாட்கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்தனர். 1950 ஜூலையில் 'டைம்' இதழ் வில்லியம் லெவிட்டின் படத்தை அட்டையில் வெளியிட்டது.

அதே 1950ஆம் ஆண்டின் மாதிரி வீட்டில் ஒரு புதுமை இருந்தது. வரவேற்பறை மாடிப்படியின் பக்கச் சுவரில் 12½ அங்குல அட்மிரல் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வீட்டோடு வீடாகப் பதிக்கப்பட்டு வந்தது. அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் போல அதுவும் வீட்டு விலையில் அடக்கம். முப்பதாண்டுக் கடனின் ஒரு பகுதியாக மக்கள் தொலைக்காட்சியையும் வாங்கினர் என்று பொருள். அவ்வாண்டில் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றிலேயே தொலைக்காட்சி இருந்தது. பத்தே ஆண்டுகளில் பத்தில் ஒன்பதை அது நெருங்கிவிட்டது. மனித வரலாற்றில் ஒரு பொருள் இத்தனை விரைவாக இல்லங்களுக்குள் புகுந்ததற்கு அதற்கு முன் எடுத்துக்காட்டுகள் அரிது.

தொடக்ககாலத் தொலைக்காட்சித் தொடர்களின் மாந்தர் புறநகரில் வாழ்ந்தவர்கள் அல்லர் என்பது இங்கே கவனத்துக்குரியது. 'தி கோல்ட்பர்க்ஸ்' தொடரின் யூதக் குடும்பம் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்ககத்தில் வாழ்ந்தது. அண்டை வீட்டுப் பெண்கள் சன்னல் வழியே ஒருவரையொருவர் அழைத்துப் பேசிக்கொள்வர். 'தி ஹனிமூனர்ஸ்' தொடரின் பேருந்து ஓட்டுநர் புரூக்ளினில் ஒண்டுக்குடித்தனம். 'ஐ லவ் லூசி' தம்பதியரும் வாடகை வீட்டினர்தாம். தசாப்தத்தின் நடுவில் இவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி படுக்கைகளைக் கட்டத் தொடங்கினர். 1955இல் கோல்ட்பர்க் குடும்பம் ஹேவர்வில் என்ற கற்பனைப் புறநகருக்குக் குடிபெயர்ந்தது. 1957இல் லூசியும் கணவரும் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டுக்குச் சென்றனர். கொச்சை மொழி, வாடகைப் பாக்கி, மாடிப்படிச் சண்டை எல்லாம் நகரத்தோடு பின்தங்கின. விளம்பரம் தரும் சோப்பு நிறுவனமும் அடுப்பு நிறுவனமும் எதிர்பார்த்த வீடு வேறு வகைப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த வேறு வகை வீட்டின் முழுமையான வடிவம் 1957 அக்டோபர் 4 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கிய 'லீவ் இட் டு பீவர்' தொடர். (ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அதே நாள்.) மேஃபீல்டு என்ற ஊரில் வார்டு கிளீவர், மனைவி ஜூன், வாலி, பீவர் என்ற இரு மகன்கள். எந்த மாநிலத்து ஊர் என்று கடைசிவரை சொல்லப்படவில்லை. வார்டு கிளீவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. அவர் அலுவலகம் செல்கிறார், திரும்பி வருகிறார், அவ்வளவே. ஜூனாக நடித்த பார்பரா பில்லிங்ஸ்லி வீட்டு வேலை செய்யும்போதும் முத்துமாலை அணிந்திருப்பார். கழுத்தின் கீழிருந்த ஒரு குழிவில் நிழல் விழுவதை மறைக்கவே அதை அணிந்ததாகவும், மகன்களாக நடித்த சிறுவர்கள் உயரமாக வளர்ந்துவிட்டதால் பின்னாளில் குதியுயர்ந்த காலணி தேவைப்பட்டதாகவும் அவரே பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். படப்பிடிப்பின் நடைமுறைச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு ஒரு நாட்டின் இல்லத்தரசிக்கு இலக்கணமாக மாறிய விந்தை இது!

இத்தொடரின் தொடக்கப் பகுதி ஒன்றில் சிறுவர்கள் ஒரு முதலைக்குட்டியை வாங்கிக் கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் மறைத்து வளர்ப்பர். கழிவறையைத் திரையில் காட்டலாகாது என்று ஒளிபரப்பு நிறுவனம் தடுத்தது. நீண்ட வாதத்துக்குப் பின் தண்ணீர்த் தொட்டியை மட்டும் காட்ட இசைந்தனர். தொட்டிக்குக் கீழே இருப்பது இல்லை என்றே கொள்ள வேண்டும். மேஃபீல்டில் கழிவறை இல்லை. லெவிட்டவுனில் வீட்டுக்கு ஒன்று இருந்தது, அதற்கு நால்வரோ ஐவரோ காத்திருந்தனர்.

இனி லெவிட்டவுன் வீட்டுக்குள் சென்று பார்க்கலாம். தொடக்ககால வீடுகளின் பரப்பு 750 சதுர அடி. சென்னையில் இன்று நடுத்தரக் குடும்பம் ஒன்று "சிறியதுதான்" என்று தயக்கத்துடன் சொல்லி வாங்கும் அடுக்ககக் குடியிருப்பின் அளவு. இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, சமையலறை, வரவேற்பறை. நிலவறை இல்லை, காங்கிரீட் தளத்தின் மேல் நேரடியாக வீடு. தந்தை அமர்ந்து மகனுக்கு அறிவுரை வழங்கும் தனிப் படிப்பறை எங்கும் இல்லை. மாடி என்பது முடிக்கப்படாத பரண்தான். குழந்தைகள் பிறக்கப் பிறக்கக் குடும்பத் தலைவர் சனி, ஞாயிறுகளில் சுத்தியலும் பலகையுமாக அப்பரணை அறைகளாக மாற்றினார். தந்தை கழுத்துப்பட்டை அணிந்து மாலைச் செய்தித்தாளை விரித்தமரும் காட்சியைவிட, அரைக்கால் சட்டையுடன் ஏணி மேல் நிற்கும் காட்சியே அவ்வூருக்குப் பொருத்தமானது. ஒன்றுபோலக் கட்டப்பட்ட அப்பதினேழாயிரம் வீடுகளில் மாற்றப்படாத மூல வடிவ வீட்டை இன்று காண்பது மிக அரிது. ஒரே அச்சில் வார்த்த வாழ்க்கை என்று அறிஞர்கள் எள்ளிய ஊரில் மக்கள் ஓசையின்றிச் செய்த காரியம் இது.

விதிமுறைகளும் இருந்தன. வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் நிறுவனமே ஆள் அனுப்பி வெட்டிக் கூலியை வசூலிக்கும். வேலி போடலாகாது. கொடி கட்டித் துணி உலர்த்தலாகாது. எடுத்து மடக்கக்கூடிய சுழல் கம்பத்தில் மட்டுமே உலர்த்தலாம், அதுவும் வார இறுதியில் கூடாது. தொடர்களில் துணி உலர்வதே காட்டப்படுவதில்லை என்று நாம் வியக்கலாம். உண்மையான ஊரிலேயே அதை மறைக்கச் சொல்லியிருந்தார்கள்!

பென்சில்வேனியா மாநிலத்தில் 1952இல் தொடங்கப்பட்ட இரண்டாவது லெவிட்டவுனில் குடியேறியோரில் பலர் அருகே யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் திறந்த எஃகு ஆலையின் தொழிலாளர்கள். கலிபோர்னியாவில் அதே ஆண்டுகளில் எழுந்த லேக்வுட் நகரின் தந்தையர் பலர் டக்ளஸ் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். முறைவேலைக்குச் சென்று எண்ணெய்க் கறையுடன் திரும்பியவர்கள், பகலில் உறங்கியவர்கள். தொடர்களிலோ தந்தை காப்பீட்டு முகவர், மருத்துவர், வழக்கறிஞர். மணமான பெண்கள் வேலைக்குச் செல்வதும் அத்தசாப்தத்தில் குறையவில்லை, கூடியது. கடனைக் கட்ட இரண்டாவது வருமானம் தேவைப்பட்டது. குடும்பத்துக்கு ஒரே கார். அதைக் கணவர் எடுத்துச் சென்றுவிட்டால் கைக்குழந்தையுடன் ஒரு பெண் நாள் முழுதும் அந்த 750 சதுர அடிக்குள் இருந்தாக வேண்டும். பெட்டி ஃப்ரீடன் 1963இல் வெளியிட்ட 'தி ஃபெமினைன் மிஸ்டிக்' நூல் பெயரிடப்படாத நோய் என்று இதைத்தான் பேசியது.

ஆயினும் இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் நியூ ஜெர்சியில் கட்டப்பட்ட மூன்றாவது லெவிட்டவுனில் 1958 முதல் 1960 வரை தாமே ஒரு வீடு வாங்கிக் குடியிருந்து ஆராய்ந்தார். 1967இல் வெளிவந்த 'தி லெவிட்டவுனர்ஸ்' நூலில், புறநகர் மனிதனை எந்திரமாக்கிவிட்டது என்ற நகர்சார் அறிவுஜீவிகளின் ஏளனத்தை அவர் மறுத்தார். பெரும்பாலோர் மகிழ்ச்சியாகவே இருந்தனர். இளம்பருவத்தினர் சலிப்படைந்தனர், பெண்களில் ஒரு பகுதியினர் தனிமையில் வாடினர், மற்றபடி ஊர் யாரையும் பெரிதாக மாற்றிவிடவில்லை. ஏளனமும் ஒருவகைக் கவர்ச்சிப் படமே என்று நமக்குத் தோன்றுகிறது. இதற்குக் கீழே திரும்பவும் வருவோம்.

இனி நாம் சொல்லப்போவது இந்த வரலாற்றின் மையமான செய்தி. லெவிட்டவுனின் தொடக்ககால ஒப்பந்தத்தில் 25ஆவது பிரிவு ஒன்று இருந்தது. வெள்ளை இனத்தவர் அல்லாத எவரும் அவ்வீட்டைப் பயன்படுத்தவோ அதில் குடியிருக்கவோ வாடகையாளர் அனுமதிக்கலாகாது என்று அது கூறியது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இது தனியார் ஒருவரின் வெறுப்பு மட்டுமன்று. வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் அளித்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் 1938ஆம் ஆண்டுக் கையேடே இத்தகைய பத்திரக் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. 1948இல் உச்ச நீதிமன்றம் 'ஷெல்லி எதிர் கிரேமர்' வழக்கில் இவற்றை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர இயலாது என்று தீர்ப்பளித்தது. பிரிவு பத்திரத்தைவிட்டு அகன்றது, நடைமுறை அகலவில்லை. அதே போரில் போரிட்டுத் திரும்பிய கறுப்பின வீரர்கள் விற்பனை அலுவலகத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டனர். வில்லியம் லெவிட் தாமே யூதர். ஒதுக்கப்படுதல் எத்தகையது என்பதை அறிந்த சமூகத்தவர். வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இனப் பிரச்சினையைத் தீர்க்க முயலலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய இயலாது என்பது அவர் அளித்த விளக்கம். 1953இல் லாங் ஐலண்ட் லெவிட்டவுனின் மக்கள்தொகை ஏறத்தாழ 70,000. அவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் அல்லர்.

25ஆவது பிரிவு வேலைக்காரர்களுக்கு அளித்த விலக்கைத் தொலைக்காட்சியும் அப்படியே கைக்கொண்டதைக் காண்கிறோம். 1950இல் தொடங்கிய 'பியூலா' தொடரின் நாயகி ஒரு கறுப்பினப் பெண். அவர் ஒரு வெள்ளையர் குடும்பத்தின் பணிப்பெண். பத்திரமும் தொடரும் ஒரே கதவைத் திறந்து வைத்தன. அது சமையலறைக் கதவு.

1957 ஆகஸ்ட் 13 அன்று பென்சில்வேனியா லெவிட்டவுனின் டாக்வுட் ஹாலோ பகுதியில் ஒரு குடும்பம் குடிபுகுந்தது. வில்லியம் மயர்ஸ் முன்னாள் படைவீரர். டிரென்டன் நகரில் குளிர்பதனத் துறையில் வேலை. மனைவி டெய்சி மயர்ஸ் பட்டம் பெற்றவர். மூன்று குழந்தைகள், மூன்றாவது கைக்குழந்தை. முன்பிருந்த வீட்டில் இரண்டே படுக்கையறைகள். மூன்றாவது அறை வேண்டியிருந்தது. லெவிட் நிறுவனம் விற்காது. எனவே வீட்டை விற்று வெளியேற விரும்பிய ஒரு குடும்பத்திடமிருந்து நேரடியாக வாங்கினர். கணவர், மனைவி, மூன்று குழந்தைகள், தோட்டம் போட ஒரு துண்டு நிலம் என்று எண்ணிப் பார்த்தால் தொலைக்காட்சித் தொடருக்கு இவர்களைவிடப் பொருத்தமான குடும்பம் கிடைப்பது கடினம். அவர்கள் கறுப்பினத்தவர் என்பது ஒன்றே வேறுபாடு.

அப்பகுதியின் தபால்காரரே செய்தியைத் தெருத்தெருவாக அறிவித்ததாக வரலாறு கூறுகிறது. அன்று மாலையே கூட்டம் கூடியது. அடுத்தடுத்த இரவுகளில் நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். கல் பறந்து வந்து வீட்டின் முன்புறப் பெருஞ்சன்னலை உடைத்தது. உள்ளூர்க் காவலரால் கூட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமல் போகவே ஆளுநர் ஜார்ஜ் லீடர் மாநிலக் காவல்படையை அனுப்பினார். கல்லடி பட்டுக் காவலர் ஒருவர் நினைவிழந்து விழுந்தார். அதன் பிறகு கல்லெறி நின்றது. வேறு வகைத் தொல்லைகள் தொடங்கின. மயர்ஸ் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி வீடு எதிர்ப்பாளர்களின் கூடாரமாயிற்று. அங்கே தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி ஏற்றப்பட்டது. நள்ளிரவில் உரத்த இசை, தொலைபேசியில் மிரட்டல். சிலுவைகள் கொளுத்தப்பட்டன. பக்கத்து வீட்டில் வாழ்ந்த வெக்ஸ்லர் குடும்பம் மயர்ஸ் குடும்பத்துக்குத் துணை நின்றதால் அவர்கள் வீட்டுச் சுவரில் கூ க்ளக்ஸ் க்ளான் அமைப்பின் எழுத்துகள் பூசப்பட்டன. குவேக்கர் சமயத்தவரும் வேறு சில அண்டை வீட்டாரும் மாறி மாறி வந்து அவ்வீட்டில் தங்கிக் காவல் இருந்தனர், புல் வெட்டிக் கொடுத்தனர், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டனர். இறுதியில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் தாமஸ் மெக்பிரைடு நீதிமன்றத்தை அணுகித் தொல்லை கொடுத்தவர்கள் மீது தடையாணை பெற்றார். அந்த இலையுதிர் காலம் முழுவதும் இது நீடித்தது.

அதே இலையுதிர் காலத்தில்தான் பீவர் சிறுவன் முதலைக்குட்டி வளர்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தொலைக்காட்சி இதை முற்றாக மறைத்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. செய்தியாளர்கள் வந்தனர், ஒளிப்படக் கருவிகள் வந்தன. 1957இலேயே 'கிரைசிஸ் இன் லெவிட்டவுன்' என்ற ஆவணப்படம் எடுக்கப்பட்டது. அதில் அவ்வூர் மக்கள் தம் தோட்டத்தில் நின்றவாறும் வரவேற்பறையில் அமர்ந்தவாறும் பேசுகின்றனர். கத்துபவர் எவருமில்லை. நாகரிகமான குரலில், நன்கு உடுத்திய ஒரு தாய், தாம் ஏன் அக்குடும்பத்தை விரும்பவில்லை என்று அமைதியாக விளக்குகிறார். இவ்வுரையாடல்களை அடுத்தடுத்துப் பார்க்கையில் ஜூன் கிளீவரின் சமையலறை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அதே ஒழுங்கு, அதே புன்னகை, அதே வெளிச்சம். ஆனால் செய்தி ஒரு நேரத்தில் வரும், தொடர் ஒரு நேரத்தில் வரும்; செய்தி ஒருமுறை, தொடர் வாரந்தோறும். 'லீவ் இட் டு பீவர்' 1963 வரை 234 பகுதிகள் ஓடி, பின் பல பத்தாண்டுகள் மறு ஒளிபரப்பில் உயிர் வாழ்ந்தது. டாக்வுட் ஹாலோவுக்கு மறு ஒளிபரப்பு இல்லை. நினைவு உருவாகும் விதம் இதுதான் போலும்.

அரசும் இச்சித்திரத்தின் பயனை அறிந்திருந்தது. 1959இல் அமெரிக்கக் கருவூலத் துறை 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்' தொடரின் நடிகர்களைக் கொண்டே சேமிப்புப் பத்திர விளம்பரத்துக்காக ஒரு தனிப் பகுதியைத் தயாரிக்கச் செய்தது. வீட்டையே ஒருநாள் சர்வாதிகார நாடாக நடத்தி, சுதந்திரத்தின் அருமையைத் தந்தை பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே அதன் கதை. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாமல் பள்ளிகள், மன்றங்கள் போன்ற இடங்களில் அதைக் காட்டினர். புறநகர் வீடு நாட்டின் உருவகமாகவே ஆகிவிட்டிருந்தது. வரலாற்றாசிரியர் ஸ்டெஃபனி கூன்ட்ஸ் 1992இல் எழுதிய நூலுக்கு 'தி வே வி நெவர் வேர்' என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை. இருந்திராத ஒன்றின் மீதான ஏக்கத்தை அந்நூல் விரிவாக ஆராய்கிறது.

கிளீவர் குடும்பத்தின் வீடு முதலிரு ஆண்டுகள் ரிபப்ளிக் படப்பிடிப்பு நிலையத்தில் இருந்தது. பிறகு தொடர் யுனிவர்சல் நிறுவனத்தின் வளாகத்துக்கு மாறியபோது அங்கே 'கொலோனியல் ஸ்ட்ரீட்' என்று அழைக்கப்பட்ட செயற்கைத் தெரு மேஃபீல்டு ஆயிற்று. 'தி மன்ஸ்டர்ஸ்' தொடரின் பூதக் குடும்பமும் அதே தெருவாசிகள். 2004 அக்டோபரில் அத்தெருவுக்குப் புதுப் பெயர் கிடைத்தது: விஸ்டீரியா லேன். 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' தொடர் 2012 வரை அங்கே நிகழ்ந்தது.

பழைய பொய்யை இத்தொடர் உடைத்தெறிந்ததாக அந்நாளில் விமர்சகர் பலர் எழுதினர். முதல் பகுதியின் தொடக்கத்திலேயே ஓர் இல்லத்தரசி தற்கொலை செய்துகொள்கிறார். பின்னர் கள்ளக் காதல், மிரட்டல், தீவைப்பு, கொலை. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கான்ஸ் மறுத்த ஏளனத்தின் பட்டாடை அணிந்த வடிவமே இது. புல்வெளி அதே பச்சை. பெண்கள் முன்னினும் அழகு, வீடுகள் முன்னினும் பெரிது. குற்றத்துக்கும் கவர்ச்சி ஏறிவிட்டதே புதிது. அத்தெருவில் எவரும் ஒரு மணி நேரம் நெரிசலில் கார் ஓட்டி வேலைக்குச் சென்று களைத்து வருவதை மையமாக வைத்துக் கதை நகர்வதில்லை. புனிதமும் பாவமும் திரைக்கு உகந்தவை, தவணை உகந்ததன்று.

2005இல் அத்தெருவின் முதல் கறுப்பினக் குடும்பம் குடிபுகுந்தது. தாயாக நடித்தவர் ஆல்ஃப்ரே வுடார்ட் என்ற சிறந்த நடிகை. அக்குடும்பத்துக்குக் கதாசிரியர்கள் தந்த மர்மம்: நிலவறையில் சங்கிலியால் கட்டப்பட்ட ஒருவர். டாக்வுட் ஹாலோவில் கூட்டம் கூடி நின்று வெளியாருக்கு அஞ்சியதற்கு 48 ஆண்டுகள் கழித்து, அந்த அச்சத்துக்குக் கதை வடிவில் ஒரு காரணம் கற்பிக்கப்பட்டது என்றே நாம் வாசிக்கிறோம். எழுதியவர்களுக்கு அத்தகைய நோக்கம் இருந்திராது. இருந்தும் அக்காட்சி அங்கே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, சற்றே வேடிக்கையானது. 2008 மே மாதம் இத்தொடர் தன் கதையை ஒரேயடியாக ஐந்தாண்டுகள் முன்னோக்கித் தாவச் செய்தது. தாவிய கதையின் அடுத்த பருவம் செப்டம்பர் இறுதியில் தொடங்கியது. லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்து இரு வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. உண்மையான புறநகர்களில் வீடுகள் ஏலத்துக்கு வந்து, பராமரிப்பாரின்றிப் புல்வெளிகள் காய்ந்துகொண்டிருந்த ஆண்டுகளைக் கதைக்காலம் தாண்டிச் சென்றுவிட்டது. புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, அந்த 2008ஆம் ஆண்டளவில் பெருநகரங்களை ஒட்டிய புறநகர்களில் வாழ்ந்த ஏழைகளின் எண்ணிக்கை அந்நகரங்களுக்குள் வாழ்ந்த ஏழைகளின் எண்ணிக்கையை மிஞ்சியிருந்தது.

அப்படியானால் புறநகரின் அன்றாடத்தை உள்ளபடி சொன்னவர் எவருமில்லையா என்று கேட்கலாம். இலக்கியத்தில் உண்டு. டி. ஜே. வால்டி 1996இல் வெளியிட்ட 'ஹோலி லேண்ட்' லேக்வுட் நகரைப் பற்றியது. தம் பெற்றோர் 1946இல் வாங்கிய அதே வீட்டில் வாழ்ந்துகொண்டு, அந்நகராட்சியிலேயே பணியாற்றியவர் அவர். 316 சிறு துண்டுகளாக அமைந்த நூல்; சில துண்டுகள் ஒரே வாக்கியம். மனை 50 அடிக்கு 100 அடி, சுவருக்கு எத்தனை ஆணி, தெருக்குழாய் எத்தனை அடி ஆழம் என்று கணக்குப்பிள்ளை போல எழுதிச் செல்வார். இடையே தந்தையின் மரணம் வந்து போகும். அவ்வூரை அவர் புகழவில்லை, இகழவும் இல்லை. எவரெவர் அங்கே வாங்க முடியவில்லை என்பதையும் அதே நிதானத்துடன் பதிவு செய்கிறார். தொலைக்காட்சியாக்க முடியாத நூல். நாம் அதைப் பாராட்டாகவே சொல்கிறோம்.

மற்றொன்று டெய்சி மயர்ஸ் தாமே எழுதி 2005இல் வெளிவந்த 'ஸ்டிக்ஸ் அண்ட் ஸ்டோன்ஸ்'. மயர்ஸ் குடும்பம் அந்த இலையுதிர் காலத்தோடு ஓடிவிடவில்லை. 1961 வரை டாக்வுட் ஹாலோவிலேயே வாழ்ந்து, பிறகு வேலையின் பொருட்டு வேறு ஊருக்குச் சென்றது. டெய்சி பின்னர் ஆசிரியராகவும் பள்ளித் தலைமையாசிரியராகவும் பணியாற்றினார். 1999இல் அப்பகுதியின் மேயர் அவரை மீண்டும் அழைத்து ஊரின் சார்பில் மன்னிப்புக் கோரினார். ஒரு மரத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2011இல் அவர் காலமானார். கல்லெறி நாட்களைப் பற்றிய பகுதிகளைவிட, அதற்கிடையே குழந்தைக்குப் பால் காய்ச்சியது, பால்காரரும் ரொட்டிக்காரரும் வர மறுத்தது, முன்பின் தெரியாத அண்டை வீட்டார் கதவைத் தட்டி உணவு கொடுத்துச் சென்றது போன்ற அன்றாடங்களுக்காகவே அவர் கதையை வாசிக்கலாம். லெவிட்டவுன் என்ற பெயரில் அச்சேறியுள்ளவற்றில் ஒரு குடும்பம் ஒரு வீட்டில் வாழ்ந்ததை அதன் சமையலறைக்குள்ளிருந்தே சொல்லும் நூல்கள் மிகச் சிலவே. வாய்ப்புள்ள நண்பர்கள் தேடிப் படிக்க வேண்டுகிறோம்.